அவர் வீட்ல இல்லீங்க

மார்ச் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான், உன் அண்ணி, கடை, மூவரும் நலம். முதலில் மானத்தை வாங்குகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை சாயங்காலம், ஐம்பதைத் தாண்டிய உன் அண்ணன், ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கும் கண்ணாடிக் கடை முதலாளி, சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு கோழிக்கால். பக்கத்தில் உன் அண்ணி. கோழிக்கு இருப்பது இரண்டு கால் என்பதால் அவள் கையிலும் ஒன்று.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ முகத்தைக் காட்டச் சொல்வாய், பாதியில் சிரிப்பாய், மீதியில் கத்துவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ சும்மா இருந்துதான் தீரவேண்டும்.

எல்லாம் நம் டிரங்க்கால் அத்தையால் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரில் உள்ள லைனையெல்லாம் இணைத்துக் கொடுத்த மனுஷி, ரிட்டயர் ஆனதும் தன்னை நம் வீட்டோடு இணைத்துக்கொண்டுவிட்டது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம் கடை போன் அடிக்கும். "டேய், ராத்திரி சாப்பிட வர்றேன். உப்பு கம்மி. ஜன்னலைச் சாத்தி வை." டொக். 'சரி' என்று சொல்லக்கூட அவகாசம் கிடையாது. இன்னும் மூன்று நிமிஷ டிரங்க்கால் காலத்திலேயே இருக்கிறார்.

வந்ததும் நேரே அடுப்படி. மூடியைத் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்பார். என் நாற்காலியில் உட்கார்வார். டம்ளரை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி கழுவச் சொல்வார். கிளம்பும்போது மிச்சமெல்லாம் அவர் கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவுக்குள் போய்விடும். கேட்பதெல்லாம் கிடையாது.

அன்றைக்கு உன் அண்ணி ஆபீஸிலிருந்து வரும்போது ஒரு முழுக் கோழி வறுவல் வாங்கி வந்தாள். "ஒரே ஒரு நாள் காலை நீட்டிக்கிட்டு, டிவி பார்த்துக்கிட்டு, நாம ரெண்டு பேர் மட்டும் சாப்பிடலாமே" என்றாள். மத்தியானம் போன் வந்ததைச் சொன்னேன். அவள் முகம் அப்படியே தொங்கிப்போனது. விளக்கை அணைத்துவிடலாம் என்று முதலில் சொன்னது யார் என்று கேட்காதே. (நான்தான்.)

கேட் கிரீச்சிட்டது. தாழ்ப்பாள் போட்டால் சத்தம் கேட்கும் என்று பூட்டை மட்டும் மெதுவாகத் திருப்பிவிட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தேன். காலிங் பெல் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு கதவில் ஏதோ சுரண்டுகிற சத்தம். "பூனை" என்று உன் அண்ணி என் காதில் சொன்னாள். அப்புறம் அதுவும் நின்றது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஹாலில், மேஜைக்குப் பக்கத்திலேயே, போன் அடித்தது.

சின்ன வயதில் அத்தை நமக்கு என்ன சொல்லி வளர்த்தார்? மூன்றாவது மணிக்குள் போனை எடுக்காத வீடு ஒரு வீடா? இந்த வீட்டுக்கு வாழ வந்தவளையும் அவர் அப்படியே பழக்கிவிட்டார். போதாததற்கு, உன் அண்ணி ஆபீஸில் செய்வதே மேனேஜருக்கு வரும் போனை எடுப்பதுதான். இரண்டாவது மணியில் அவள் கை தானாக மேஜைக்கு வெளியே நீண்டது. "அவர் வீட்ல இல்லீங்க" என்றாள். அட்சரம் பிசகாத ஆபீஸ் குரல்.

பிறகு அத்தையின் குரல் இரண்டு இடங்களிலிருந்து வந்தது, ரிசீவரிலிருந்தும், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும்: "அப்படிங்களா. வந்தா சொல்லுங்க, அத்தை வந்துட்டுப் போனாங்கன்னு."

அதற்கப்புறம் கோழி தொண்டையில் இறங்கவில்லை. (இறங்கியது. கஷ்டப்பட்டு.)

சிரித்து முடித்ததும், இனி என்ன செய்யலாம் என்று எழுது.

இப்படிக்கு,
மேஜைக்கடி அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை எக்ஸ்ரே அறையில் வைத்துப் படித்தது தப்பு. "மூச்சைப் பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு நான் குலுங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய நெஞ்சை இரண்டு தடவை படம் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

நான் ஒன்றும் பெரிய யோக்கியம் இல்லை. அத்தை போன் செய்யும்போதெல்லாம் "குளிக்கப் போறேன் அத்தை, அப்புறம் பேசறேன்" என்பேன். போன மாதம், "ஏண்டி, அந்த ஊர்ல குளிக்கிறதைத் தவிர வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

ஆனால் ஒன்று அண்ணா. எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதியிருக்கிறாய், கோழிக்கு எத்தனை கால் என்பது வரை. வாசல் விளக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அதையுமா அணைத்தாய்? அத்தைக்கு இருட்டில் கண் மட்டம் என்று எனக்கு எழுதினதே நீதான். நம் வாசலில் மூன்று படி இருக்கிறது.

அவரைப் போய்ப் பார்த்தாயா? அடுத்த வியாழக்கிழமை போன் வந்ததா? உடனே எழுது. அண்ணிக்கு என் அன்பு, அவள் ஆபீஸ் குரலுக்குத் தனியாக.

உன்
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

அணைத்தேன்.

உள்ளே இருட்டாக்கிவிட்டு வாசலில் மட்டும் விளக்கு எரிந்தால் நாடகம் பொருந்தாது என்று பட்டது. அந்த நேரத்தில் என் மூளை அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்தது. கடையில் ஒரு நாளும் அது அப்படி வேலை செய்ததில்லை. போன வருஷம் அத்தையின் கண்ணை டெஸ்ட் பண்ணினவன் நான். "பொழுது சாய்ஞ்சா வெளிச்சம் இல்லாத பக்கம் போகாதீங்க அத்தை" என்று விரலை ஆட்டிப் புத்தி சொன்னவனும் நான்.

நீ கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில். போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒரு பை பழத்தை வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தார். இடது மணிக்கட்டில் கட்டு. "வாங்க, உக்காருங்க" என்றார்.

வாங்க! நான் பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' தவிர வேறு எதுவும் சொல்லாத வாய் அது. என் கல்யாணத்தில், அத்தனை பேர் முன்னால், மைக் பக்கத்திலேயே நின்று "டேய், பட்டனைப் போடுடா" என்ற வாய்.

"கையில என்ன அத்தை?"

"படி தவறிடுச்சுங்க."

"எந்தப் படி?"

"இருட்டுல எந்தப் படின்னு யாருங்க பார்த்தா?"

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். எக்ஸ்ரே எடுத்தார்களாம், நீ கேட்பாய் என்று கேட்டு வைத்தேன். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்றேன். "ஆச்சுங்க" என்றார். ஒற்றைக் கையால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், நம்பு. வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாயைத் திறந்தால், "உங்க கண்ணாடி லூசா இருக்கே, டைட் பண்ணித் தரட்டுமா?" என்று வருகிறது. "பரவாயில்லீங்க" என்றார். பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் திருடன்போல் வந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை உன் அண்ணி பழக்கதோஷத்தில் உப்பைக் குறைத்துப் போட்டுவிட்டாள். ஜன்னலும் சாத்தியிருந்தது. என் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்தும் உட்காரப் பிடிக்காமல், அத்தை வரும்போது உட்காரும் ஓரத்திலேயே உட்கார்ந்தேன். "சூப் எப்படி இருக்கு?" என்று அவளே கேட்டாள். "நல்லா இருக்கு" என்றேன். "பொய் சொல்லாதீங்க, கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கடை போனை இப்போது முதல் மணியிலேயே எடுக்கிறேன். யாராவது லென்ஸ் ரெடியா என்று கேட்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

கோபத்தில் எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக.

பழம் கொண்டுபோனாயாம், பழம்! அவர் என்ன ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற தூரத்துச் சொந்தமா? முகம் தெரியாத ஆள் மாதிரி நீ போய் நின்றாய், அவரும் 'வாங்க' என்று சொல்லிவிட்டார்.

இனிமேல் அவருக்கு எதையும் கொடுக்காதே. ஏதாவது கேள். அதிகாரம் பண்ணு. அவருக்குத் தெரிந்த பாஷை அதுதான். உனக்கு வராது என்று சொல்லாதே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் கேட்டிருக்கிறாயே.

வாசல் விளக்கை எனக்குச் சொல்லாமல் விட்டாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாலு


மே 1

அன்புள்ள வாலுவுக்கு,

நேற்று வியாழக்கிழமை. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தை, நான்தான். ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சாப்பிட வர்றோம். உப்பு சரியா இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைங்க." டொக். இதை அத்தை வாராவாரம் எப்படித்தான் செய்தாரோ.

சாயங்காலம் போனால், வீடு இருட்டு. வாசல் விளக்கும் இல்லை.

பெல் அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். "பழி வாங்கறாங்களா?" என்றாள் உன் அண்ணி. கொஞ்சம் பொறுத்து, "விழுந்து கிழுந்து கிடக்கறாங்களோ?" என்றாள். அன்றைக்கு நாங்கள் உள்ளே ஒளிந்திருந்தபோது அத்தையும் நம் வாசலில் இப்படித்தான் நின்றிருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. செல்லை எடுத்து அத்தை வீட்டு நம்பரை அழுத்தினேன். உள்ளே மணி அடித்தது. இரண்டாவது மணி. மூன்றாவது முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"அவங்க வீட்ல இல்லீங்க."

காதிலும் கேட்டது, கதவுக்குப் பின்னாலும் கேட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது. "வந்தா சொல்லுங்க" என்றேன், "மேஜைக்கு அடியில ஒளிஞ்சவன் மன்னிப்புக் கேட்க வந்து வாசல்ல நிக்கிறான்னு. விளக்கை அணைச்சதும் அவன்தான்னு."



"எந்த மேஜை?"

"சாப்பாட்டு மேஜை."

"கோழியா?"

"...ஆமா அத்தை."

"நெனச்சேன். வாசனை தெரு வரைக்கும் வந்துச்சு."

வாசல் விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. "உள்ள வாடா. செருப்பை அங்க விடாதே, ஓரமா விடு. ஏம்மா, நீயும் வா, நீதானே அன்னிக்குப் போனை எடுத்த மேனேஜர் ஆபீஸ் ஆளு" என்றார். உன் அண்ணி அழுதுவிட்டாள். நான் அழவில்லை. செருப்பை ஓரமாக விட்டுக்கொண்டிருந்ததில் கொஞ்சம் நேரமானது, அவ்வளவுதான்.

சாப்பாடு மோசம். உப்பே இல்லை. நானே மூடியைத் தூக்கிப் பார்த்து, "அத்தை, இது சூப்பா?" என்று கேட்டேன். இத்தனை நாள் ஆசை. "வாயை மூடிட்டுச் சாப்பிடுடா" என்றார்.

சாப்பிடும்போது கேட்டேன், "ஏன் அத்தை, எப்பவும் பதில் கேக்காமலே டொக்குனு வெச்சுடறீங்க?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேண்டாம்னு நீ சொல்றது காதுல விழுந்துட்டா அப்புறம் எப்படிடா வர்றது? அதான் விழறதுக்குள்ள வெச்சுடறது."

உன் அண்ணி எழுந்து போய் அவர் டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லாமலே.

கிளம்பும்போது, "கண்ணாடி லூசுன்னியே, கைப்பையில இருக்கு, எடுத்துட்டுப் போய் சரி பண்ணிட்டு வா" என்றார். கைப்பையைத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில் ஒரு சாவி. மஞ்சள் பிளாஸ்டிக் மீன் தொங்குகிற சாவி. நீ காலேஜ் போகிற காலத்தில் வாங்கினாயே, வால் உடைந்த மீன், அதே. நம் வீட்டு வாசல் சாவி. அது தொலைந்துவிட்டது என்றல்லவா ஊரைவிட்டுக் கிளம்பும்போது சொன்னாய்? அத்தையிடம் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்படியென்றால் நாங்கள் ஒளிந்த அன்றைக்கும் அது அவர் பையில்தானே இருந்திருக்கும்? திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கலாமே. வராமல், பெல்லை அடித்துவிட்டு, உன் அண்ணி சொன்ன பொய்யையும் கேட்டுவிட்டு, படியிறங்கிப் போயிருக்கிறார். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட மனுஷியையா நாம் டிரங்க்கால் என்று கேலி பண்ணினோம்? என்னால் தாங்க முடியவில்லை. உன் அண்ணியிடம் சொன்னேன், அவள் இன்னொரு தடவை அழுதாள். 

வாசலுக்குப் பெரிய பல்பு வாங்கி மாட்டிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் இனிமேல் தூங்க முடியாது என்கிறார். தூங்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்


மே 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாவி தொலையவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பின அன்று ஏர்போர்ட்டில் நான்தான் அத்தை கையில் கொடுத்தேன். உனக்குப் பிடிக்காது என்று தொலைந்துவிட்டதாகச் சொன்னேன். அதற்கு நீ என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் அழுதேன். அழுது முடித்ததும் அத்தைக்குப் போன் செய்தேன். குளிக்கப் போவதாகச் சொல்லாமல் நிறைய நேரம் பேசினேன். கடைசியில், "சாவி கையில இருந்தும் அன்னிக்கு நீங்க கதவைத் திறக்கலையே அத்தை" என்று தழுதழுத்த குரலில் கேட்டேன்.

"யாருடி திறக்காதது? எவ்வளவு நேரம் குத்திக்குத்திப் பார்த்தேன். அந்த இருட்டுல பூட்டு ஓட்டை எங்க இருக்குன்னே தெரியலை" என்றார். டொக்.

உன்
வாலு