வெள்ளை அடிப்பூச்சு

புதன், 5

காலையிலிருந்து மழை. பின் சந்தில் தண்ணீர். பொம்மைக்கு ஸ்பிரே அடிக்க முடியாது.

எனக்கு எழுத்து தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. வானொலிச் செய்தி மாதிரி பேசினால்தான் அதற்குப் புரிகிறது. சரி, செய்தி.

நேற்று அந்தோணி அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். பிசினில் மெஷின் வார்த்த பொம்மை. கட்டைவிரல் உயரம். பொம்மையில் இருப்பது அவன் அப்பா மரியதாஸ். என்னோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அந்தோணி வயிற்றில் இருக்கும்போதே போய்விட்டான். போட்டோ கிடையாது. இருந்த ஒன்றையும் கரையான் தின்றது. அந்தோணி தன் முகத்தையே கொடுத்து வார்த்திருக்கிறான்.

அவன் அம்மா ரெஜினா சொல்லி அனுப்பியது: "முகம் உன் முகந்தான்டா. நிறந்தான் மறந்துபோச்சு. கந்தன் அண்ணனுக்கு ஞாபகம் இருக்கும், அவரையே பூசச் சொல்லு."

இருக்கிறது. நெய் தடவிய புளியங்கொட்டை. காது மடல் மட்டும் கொஞ்சம் சிவப்பு. ஞாயிறு நினைவுப் பூசை. அதற்குள் முடியவேண்டும்.

மழை விட்டதும் மகள் செல்வியோடு சூலியா தெருப் பக்கம், மாடியில் பொம்மைக் கடை. கடைக்காரி சீனப் பெண், நாற்பது இருக்கும், நகமெல்லாம் சாயம். என் கை நடுங்குவதைப் பார்த்தாள். தண்ணிச் சாயம் ஒன்றை எடுத்தாள். ஒரே பூச்சு, துணி மடிப்புக்குள் தானே ஓடி நிற்குமாம். நல்லது. ஆனால் அடியில் வெள்ளை அடிக்கவேண்டுமாம். "புத்தே, அங்கிள். புத்தே. புத்தே." மலாயில் வெள்ளை என்று மூன்று தடவை. எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாளா, வெள்ளை பிடிக்காது என்று நினைத்தாளா?

படகுப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் பெயிண்ட் அடித்தவன் நான். அடியில் சாம்பல் இல்லாமல் ஒரு படகும் கடலில் இறங்கியதில்லை. சாம்பலே கொடு என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். கொடுத்தாள்.

வியாழன், 6

வெயில். சாம்பல் அடித்தேன், காய்ந்தது, மேலே பழுப்பு பூசினேன்.

செத்த கெளுத்தி. மூன்று நாள் ஐஸ் இல்லாமல் கிடந்த கெளுத்தி. மரியதாஸ் இல்லை.

இன்னொரு பூச்சு. இன்னும் மோசம். சேறு.

இன்று யார் யார் மேல் கோபம்:
சாயம்.
பக்கத்து வீட்டுப் பூனை.
பட்டறை முதலாளி, செத்துப் பதினைந்து வருஷம் ஆனவர்.
செல்வி.

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். "அப்பா, இது படகுச் சாயம் இல்லப்பா. கண்ணாடித் தாள் மாதிரி. கீழ என்ன இருக்கோ அதுதான் மேல தெரியும். வெள்ளைன்னா ஏன் இப்படிப் பயப்படுறீங்க?"

பயமா. யாருக்குப் பயம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ரசம் மேசையெல்லாம். அவளே துடைத்தாள். அதற்கும் கோபம்.

வெள்ளி, 7

பொம்மையை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். மூக்கு தப்பியது. இன்னொரு தடவை தேய்த்தால் தப்பாது.

மறுபடி கடைக்கு, தனியாக. கடைக்காரி சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் நல்லது. மூன்று பிளாஸ்டிக் கரண்டி எடுத்துவைத்தாள். ஒன்றின் முதுகில் வெள்ளை, ஒன்றில் சாம்பல், ஒன்றில் கறுப்பு. மூன்றிலும் ஒரே பழுப்பு. கறுப்பில் சாயம் இருப்பதே தெரியவில்லை. சாம்பல், என் கெளுத்தி. வெள்ளையில் மரியதாஸின் முதுகு. வெயிலில் நிற்கிற மாதிரி.

வெள்ளை டின்னை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் திறக்கவில்லை.

சனி, 8

காலை பத்து மணி. காற்று இல்லை. வெள்ளை அடித்தேன்.

காய அரை மணி நேரம் என்று டின்னில் போட்டிருக்கிறதாம். செல்வி படித்துச் சொன்னாள். அந்த அரை மணி நேரமும் அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தலைமுடி, இமை, வாய், எல்லாம் வெள்ளை. அன்று பார்த்த அதே ஆள்.

தூக்குவலை அறுந்து மாவு மூட்டைகள் கப்பல் கிடங்கில் அவன் மேல் விழுந்தன. இருபதுக்கு மேல். எங்களை வேலை வாங்கிய மண்டோர் மேலே நின்று கத்தினான்: "கிழியாத மூட்டைய மொதல்ல ஏத்துங்கடா!" நாங்கள் நாலு பேர். ஏற்றினோம். நானும் ஏற்றினேன். கீழேயிருந்து கந்தா, கந்தா என்று இரண்டு தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

பிறகு மண்டோரே உடலைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னான். மாவு ஒரு பொட்டு இல்லாமல் கழுவி, புதுக் கைலி கட்டி, ரெஜினாவிடம் கொண்டுபோனோம். தவறி விழுந்தான், உடனே உயிர் போய்விட்டது என்றோம். நான்தான் சொன்னேன். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

மண்டோர் நாசமாய்ப் போகட்டும். செத்தும் போய்விட்டான். இனி யாரைத் திட்டுவது.

பழுப்பு பூசினேன். சாயம் தானே ஓடியது. கழுத்து, முதுகு, காது மடல். ஒரே பூச்சு. அவனேதான்.

ஞாயிறு, 9

எட்டு மணி பெர்ரி. பூசை முடிந்து ரெஜினா வீடு. அந்தோணியும் அவன் பெண்டாட்டியும் அடுப்படியில்.

ரெஜினா பொம்மையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம். "இந்த நிறந்தான்" என்றாள். "காதுகூட மறக்கலியே அண்ணே."

அப்புறம் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளங்காலில் சாயம் விட்டுப்போயிருந்தது. நான் கவனிக்கவில்லை.

"இது என்னண்ணே, வெள்ளையா?"

அடிப்பூச்சு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"மாவு" என்றேன்.

எதிரில் இருந்த நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க."