பெயர் எழுதாமல் மாட்டிய படம்

ஐலென் கண்ணு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். புவெனோஸ் அயர்ஸில் நீயும் உன்னை விடாத அந்த இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? போன வாரமே எழுதியிருக்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. இதோடு கம்பளி உள்சட்டையும் காட்டு ரோஜாப்பழ ஜாமும் வருகிறது, உள்சட்டையைப் பெட்டியில் போட்டு வைக்காமல் போட்டுக்கொள். ராத்திரி கடைசிப் பேருந்தில் தனியாக வராதே என்று எத்தனை முறை சொல்வது.

கண்காட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ எடுத்த படத்தைக் கதவளவு பெரிதாக அச்சிட்டு நூலக மண்டபத்தின் வாசலுக்கு எதிரேயே மாட்டினார்கள். இலையுதிர்காலத்தில் சிவந்த லெங்கா மரத்தின் ஒற்றை இலையை வெயிலுக்கு எதிரே வைத்து அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் அது இலையாகவா இருக்கிறது, ஒரே சிவப்பு, நடுவே கறுத்த கோடுகள். வந்தவர்கள் அதைக் கண்டு தள்ளியே நின்றுவிட்டார்கள். மலை எரிவதை விமானத்திலிருந்து எடுத்திருக்கிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். காட்டையும் வீடுகளையும் எரித்த அந்தக் கோடைத் தீக்குப் பிறகு நம் ஊர்க் கண்ணுக்கு வேறென்ன தெரியும். கண்காட்சி நடத்தும் அன்செல்மோ என்னிடம் வந்து, “மரிசெல், படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா வீடு எரிஞ்ச மிர்த்தா வந்துக்கிட்டிருக்கா. ஒண்ணு கீழே இலைன்னு எழுது, இல்லே கழட்டிடு” என்றார். உனக்குப் போன் போட்டேன், தேர்வில் இருந்தாய் போல, எடுக்கவில்லை. தாவரவியல் படித்தவள் நான், பெயர் எழுதத் தெரியாதா, பேனாவைத் திறந்தும்விட்டேன். ஆனால் அந்த இலையைப் படமெடுக்க ஈரத்தில் நீ குப்புறப் படுத்துக் கிடந்ததும், நான் கத்தியதும், “பேரு தெரிஞ்சுட்டா யாரும் பார்க்க மாட்டாங்கம்மா” என்று நீ சொன்னதும் நினைவுக்கு வர, பேனாவை மூடிவிட்டேன்.

அதற்குள் மிர்த்தா வந்துவிட்டாள். வாசலிலேயே முகம் வெளிறி, யார் செய்த வேலை இது என்று கேட்டாள். என் மகள்தான் என்று சொன்னேன், அதைச் சொல்ல முதல்முறையாகப் பயந்தேன். அறைந்தாலும் அறையட்டும் என்று அவள் கையைப் பிடித்துப் படத்துக்கு மூக்கு இடிக்கும் தூரத்துக்குக் கூட்டிப்போனேன். வெகுநேரம் பார்த்தாள். “அடிப்பாவி, இங்கே புழு கடிச்சிருக்குடி!” என்று ஓரத்து ஓட்டையைக் காட்டி அவள் சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பியது, கண்ணிலும் தண்ணீர். பிறகு பேனாவோடு வந்த அன்செல்மோவிடம், “எழுதினே, கையை ஒடிச்சிடுவேன். எனக்கு யாராவது சொன்னாங்களா? அவங்களும் கிட்ட வந்து பார்க்கட்டும்” என்றாள். மூடும்வரை மாத்தே தேநீர்க் குடுவையோடு அங்கேயே நின்று, தள்ளி நிற்பவர்களையெல்லாம், “அங்கிருந்து என்னய்யா தெரியும், இங்க வா” என்று விரட்டிக்கொண்டிருந்தாள். உன் அப்பா சும்மா சும்மா வெளியே போய் மறுபடி வாசல் வழியாக வந்து படத்தைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை, ஐலென்.

இப்போது மிர்த்தா அந்தப் படத்தைக் கேட்கிறாள். புது வீட்டைச் சுற்றி நட்ட லெங்காக் கன்றுகள் இன்னும் முழங்கால் உயரம் வரவில்லையாம், அவை வளர்ந்து சிவக்கிற வரைக்கும் இது சுவரில் இருக்கட்டும் என்கிறாள். எடுத்துக்கொள் என்று நாக்கு நுனிவரை வந்தது, ஆனாலும் படம் உன்னுடையது, நான் யார் கொடுக்க, மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நோய்நொடி அண்டாமல், உன் கண்ணும் கையும் நன்றாக இருக்க வேண்டும். பதிலை உடனே எழுது, அவள் ஆணி அடித்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

பயமும் பெருமையுமாக,
உன் அம்மா மரிசெல்