திருக்கை நாறவில்லை என்ற சம்பந்தி

மோக்போ
3 நவம்பர் 1986

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மகள் நலம். என் மகனும் நலம். நலமில்லாதவன் நான்தான். கல்யாண விருந்தில் நீங்கள் வைத்த திருக்கை மீனில் மருந்துக்குக்கூட வாடை இல்லை. புளிக்கவைத்த திருக்கை என்றால் மண்டையைத் துளைக்க வேண்டாமா? பச்சை மீனை நறுக்கிப் போட்டு என் ஊர்க்காரர்கள் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டீர்கள். அதைத்தான் பந்தியிலேயே எழுந்து சொன்னேன். நீங்கள் மன்னிப்புக் கேட்கும்வரை மருமகள் அங்கே வரமாட்டாள். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளுக்கும் அனுப்ப மாட்டேன்.

சோ கிதே

நாஜு
8 நவம்பர்

பெரிய மனிதர் சம்பந்திக்கு,

மன்னிப்பா? நானா? வைக்கோலில் திருக்கையைப் புதைத்துப் புளிக்கவைத்து விற்றுத்தான் அந்தப் பெண்ணை வளர்த்தேன். பந்தியில் உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதை ஊரே பார்த்தது. மூக்குக்கு மட்டும் தெரியவில்லையாக்கும்! வாயைத் திறந்துவைத்துக்கொண்டே தின்றீர்கள், மூச்சு வாங்கினீர்கள், தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தீர்கள். மியோங்சுக் என்று பெயர் வைத்த பெண்ணை, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரி ‘பியோங்சுக்’ என்கிறீர்கள். குறட்டையில் சுவர் அதிர்கிறதாம். நெற்றி கனக்கிறது என்று தினமும் மாத்திரையாம். அடிப்பிடித்த சோற்றை நல்ல சோறு என்று தின்றீர்களாம். என் மீனை விட்டுவிட்டு அந்த மூக்கை எங்காவது காட்டுங்கள். என் பெண்ணைப் பிடித்துவைக்க உங்களுக்கு வெட்கமாக இல்லை?

பே ஓக்பூன்

மோக்போ
28 நவம்பர்

சம்பந்தியம்மாவுக்கு,

என் மூக்கு சுத்தம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி உங்கள் முகத்தில் எறியத்தான் போனேன். விளக்கடித்துப் பார்த்தவர், "இவ்வளவு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். இரண்டு பக்கமும் தோலுரித்த திராட்சை மாதிரி சதை அடைத்திருந்ததாம். வலிக்காததால் தெரியவில்லை. அறுத்து எடுத்துவிட்டார்கள்.

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும் கதிகலங்கிப் போனேன். சீர்வரிசையோடு நீங்கள் அனுப்பிய திருக்கை ஜாடி! என் வீடு ஒரு மாதமாக நாறியிருக்கிறது, ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. "மூடி போட்டு வெளியில வைக்கக் கூடாதாம்மா?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"எங்கம்மா வாசனை மாமா. மூட மனசு வரல" என்றாள்.

அடுத்த வாரம் சனிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன். பந்தியில் இருந்தவர்களையும் கூட்டி வருகிறேன். அவர்கள் முன்னாலேயே திட்டுங்கள். திருக்கை மட்டும் நிறைய வையுங்கள்.

மியோங்சுக்கின் மாமனார்
சோ கிதே