பேரிகைக் கல்யாணத்தில் வெளுத்துப்போன முகம்

சரசுவின் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாளையோடு ஒரு வருஷம். திவசத்துக்கு வேண்டியதையெல்லாம் உங்கள் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். எனக்கு வேலை வைக்கவில்லை. மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளைக்கு வருகிறவர்கள் எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதையே பேசுவார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் நடுவில் எனக்கு உங்கள்மேல் ஒரு கோபம் வந்தது. அது ஏன் வந்தது, என்ன ஆயிற்று என்று உங்களிடம் சொல்லாமல், நாளைக்கு எள்ளும் தண்ணீரும் விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

கடையை மூடவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே அண்ணன், "ஏம்மா, கேமராவ வித்துடலாம். பொம்பள போட்டோ புடிச்சா யாரு வந்து உக்காருவாங்க?" என்றார். எட்டு வருஷமாக நீங்கள் படம் எடுத்தீர்கள், நான் இருட்டறையில் கழுவிப் பிரிண்ட் போட்டேன். முகம் எப்படி விழுந்தால் காகிதத்தில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? கண்ணாடிக் கூரைக்குக் கீழே, பகல் வெளிச்சத்தில், எனக்கும் எடுக்க வந்தது. பெண் எடுக்கிறாள் என்பதற்காகவே ஓசூர் பஜாரில் சில வீட்டுப் பெண்கள் துணிந்து கடைப்படி ஏறினார்கள்.

நீங்கள் கடைசியாக வாங்கிவந்த ஃபிளாஷைத்தான் நான் தொடவில்லை. பெட்டியில் ஏழு பல்பு இருந்தது. ஒரு பல்பு ஒரு தடவைதான் எரியும். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒன்றை வீணாக்க மனசு வரவில்லை. இன்றைக்கு யோசித்தால், அந்தச் சிக்கனத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

தை மாதம் பேரிகை கிராமத்திலிருந்து நாகராஜன் என்று ஒருவர் வந்தார். தங்கைக்குக் கல்யாணம். "எங்க நாயனாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. அதான் கல்யாணத்த முன்னுக்கு இழுத்துட்டோம். அவரால வெளிய வந்து நிக்க முடியாது. உள்ளயே வெச்சு, பொண்ணு மாப்பிளகூட அவர ஒரு படம் எடுக்கணும். இதுவரைக்கும் அவர யாரும் படம் எடுத்ததில்லீங்க" என்றார். அப்பாவை அந்த வீட்டில் நாயனா என்று கூப்பிடுகிறார்கள். அவர் பெயர் முனிரத்தினம்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் ஃபிளாஷில் எடுக்க வரும் என்று காட்ட வேண்டியிருந்தது. யாருக்கு? உங்கள் அண்ணனுக்கா, உங்களுக்கா?

கல்யாணத்துக்காகப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சின்ன அறை. ஜன்னலே இல்லை. கட்டிலில் முனிரத்தினம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகளும் மருமகனும் இரண்டு பக்கமும். நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு எனக்கு மனப்பாடம். பல்புப் பெட்டிமேல் போட்டிருக்கும் எண்ணை எத்தனை அடி தூரமோ அதால் வகுத்தால், லென்ஸின் துவாரத்தை எந்த எண்ணில் வைப்பது என்று தெரியும். பெட்டியில் நூற்றுப் பத்து. நான் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றேன். பத்தடி என்று கண்ணால் அளந்தேன். பதினொன்றில் வைத்தேன். ஏழு பல்பையும் அந்த அறையிலேயே எரித்தேன்.

முதல் பல்பு எரிந்ததும் முனிரத்தினம் கண்ணை மூடித் திறந்து, "மின்னலு வூட்டுக்குள்ளயே வந்துடுச்சும்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு அடுத்ததை எடுத்தேன். அது நன்றாக விழுந்திருக்கும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். ஏழு படமும் கரிக்கட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டு. வெயிலில் வைத்து ஒரு பிரிண்ட் போட்டேன். ஃபிலிமில் கறுத்ததெல்லாம் காகிதத்தில் வெளுத்து, சுவர் வெள்ளை, வேட்டி வெள்ளை, முகமும் வெள்ளை. மீசை மட்டும் காற்றில் தொங்கியது.

மருந்து சூடாகிவிட்டதா, அதிக நேரம் ஊறவிட்டேனா என்று முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். அப்படியானால் அதே சுருளில் வாசலில் வெயிலில் எடுத்த ஐந்து படமும் கெட்டிருக்க வேண்டும். அவை கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தன. அப்படியென்றால் கழுவியதில் தப்பில்லை, ஷட்டரிலும் தப்பில்லை. ஃபிளாஷ் போட்டவை மட்டும்தான் எரிந்திருக்கின்றன. கணக்கைப் பத்துத் தடவை போட்டேன். பத்துத் தடவையும் பதினொன்றுதான் வந்தது. சரசு இரண்டு தடவை கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லையாம்.

ஐந்தாம் நாள் நாகராஜன் கடைக்குள் வந்து நின்றார். தோளில் துண்டு, முகத்தில் நாலு நாள் தாடி. "நாயனா போயிட்டாருங்க. அந்தப் படத்த மட்டும் பெரிசு பண்ணிக் குடுங்க. காரியத்தன்னிக்கு வெக்கணும்."

"இன்னும் கழுவலீங்க. கழுவிட்டுச் சொல்லி அனுப்பறேன்" என்றேன். பொய். ஃபிலிம் அவருக்குப் பின்னால் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பஸ்ஸில் பெங்களூருக்குப் போனேன், தனியாக. நீங்கள் வாடிக்கையாக வாங்கும் கடைதான். எரிந்த பல்பு ஒன்றையும் பெட்டியையும் கடைக்காரர் முன்னால் வைத்தேன். அவர் பல்பைத் திருப்பிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இது அந்தப் பொட்டி பல்பு இல்லம்மா. இது பெரிசு. ரெண்டும் ஒரே ஹோல்டர்ல நிக்கும். வெளிச்சம் நாலு மடங்கு. உங்க எஜமானரு வந்தப்ப சின்னது தீந்துபோச்சு. பெரிசுதான் குடுத்தோம். பஸ்ல உடையாம இருக்கணும்னு அவரே இந்தப் பழைய பொட்டியில அடுக்கிக்கிட்டாரு. எண்ணு வேற சார், எழுதிக்குங்கன்னு சொன்னேன். வூட்டுக்குப் போய் எழுதிடறேன்னாரு."

நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பல்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்தக் கோபம் வந்தது. நீங்கள் போனபிறகு அழுதிருக்கிறேன், பயந்திருக்கிறேன், கோபப்பட்டதில்லை. அத்திப்பள்ளி தாண்டும் வரை உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டேன். பல்பு வாங்கி வந்தபிறகு இரண்டு நாள் நன்றாகத்தானே இருந்தீர்கள்? மூன்றாம் நாள்தானே காய்ச்சல் வந்தது? பெட்டிமேல் ஒரு வரி எழுத அந்த இரண்டு நாளில் நேரம் கிடைக்கவில்லையா? நீங்கள் எழுதாத ஒரு வரியால் ஒரு மனுஷனுடைய முகமே இல்லாமல் போகிறதே, அதற்கு நான் யாரிடம் போய் நிற்பேன்?

கோபப்பட்டு என்ன? கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். செக்கச்செவேலென்ற உப்பு. அதை, கழுவிய படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ மருந்தோடு கலந்து அதில் ஃபிலிமை நனைத்தால் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். "ஒரு நிமிசம் அசந்தா முகமும் சேந்து போயிடும்மா, பாத்துக்குங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கொல்லைப்புறத்தில், காலை வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் கலந்தேன். தனித்தனியாக வெட்டிவைத்த ஏழில் எதை முதலில் போடுவது? முனிரத்தினம் கண்ணை மூடியிருந்த படத்தைப் போட்டேன். சும்மா கிடக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்தது. மகளின் புடவைக் கரை முதலில் போயிற்று, பிறகு மருமகன் தலைமுடி. எடுத்துத் தண்ணீரில் போட்டபோதும் கரைவது நிற்கவில்லை. ஒரு படம் போயிற்று. மருந்தைப் பாதியாக நீர்க்கச் செய்தேன். அடுத்ததைப் பாதியில் நிறுத்தக் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவதாகத்தான் சிரித்த படத்தைக் கையில் எடுத்தேன். பதினைந்து எண்ணுவது, எடுப்பது, கழுவுவது, வெளிச்சத்தில் பார்ப்பது, மறுபடி நனைப்பது. எத்தனை தடவை என்று நினைவில்லை. ஒரு தடவை பார்த்தபோது கறுப்புத் திட்டுக்குள் மூக்கு தெரிந்தது. அப்புறம் கண்ணுக்குக் கீழே சுருக்கம். அப்புறம் பல். இன்னும் ஒரு தடவை நனைத்தால் நெற்றியும் வந்துவிடும் என்று ஆசை. பயமும் இருந்தது. நீங்களாக இருந்தால் நனைத்திருப்பீர்களா? நான் நனைக்கவில்லை.

பிரிண்டை எடுத்துக்கொண்டு நானே பேரிகைக்குப் போனேன். அதே அறை. முனிரத்தினத்தின் மனைவி பாப்பம்மாவிடமும் நாகராஜனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு மாறியது, நான் பொய் சொன்னது, மற்ற ஆறு படமும் இனி வராது என்பது. சொல்லிக்கொண்டே சுவரிலிருந்து கட்டில் கிடந்த இடம்வரை அடி வைத்துப் பார்த்தேன். ஏழடி. பத்து இல்லை. உங்கள் தப்பு மட்டும் இல்லை. கண்ணால் அளந்தது நான். அதையும் அவர்களிடம் சொன்னேன்.

நாகராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படத்தில் முகம் தெரிந்தது, ஆனால் நெற்றியும் தலைப்பாகையும் வெளுத்து ஒன்றாகக் கலந்திருந்தன. பாப்பம்மா அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார்.

"கேழ்வரகு அறுக்கறப்ப நான் சோறு எடுத்துக்கினு போவன்" என்றார் பாப்பம்மா. "வெயிலு எதிர்ல அடிக்கும். அவரு நிமிந்து பாத்தா நெத்தி தெரியாது, பல்லுதான் தெரியும். இப்புடித்தான் இருப்பாரு." பிறகு என் கையைப் பிடித்து, "நீ ஏம்மா அழுவற? உக்காரு, ஒருவா சோறு சாப்புட்டுப் போ" என்றார்.

அந்தப் பிரிண்ட் இப்போது அவர்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. நாகராஜன் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதுவும் நியாயம்தான்.

சரசுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உங்கள் அண்ணன் கேமராவை விற்கும் பேச்சை எடுப்பதில்லை. அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் வீட்டுக்குள்தான், ஃபிளாஷ்தான். அறை சின்னதாக இருந்தால் பல்புக்கு முன்னால் கைக்குட்டையை மடித்துக் கட்டினால் வெளிச்சம் அடங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். முதல் பல்பைச் சோதனைக்கென்றே எரித்துவிடுவேன். வீணானாலும் ஆகட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். ஒருவருடைய முகத்தை என் கையில் ஒப்படைத்தால் இனி தூரத்தை நாடாவால் அளக்காமல் எடுக்கமாட்டேன். எடுத்தது கெட்டுப்போனால் அன்றைக்கே போய்ச் சொல்வேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்று எழுத ஆசைதான். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. உங்களிடமும் பொய் சொல்லமாட்டேன்.

என்றும் உங்கள் மனைவி,
ராஜம்மா