நான்காம் விதிக்குக் காரணம்

ஏப்ரல் 9
வெயில். பத்து மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. மாத்திரை போட்டாயிற்று.
கல்லூரிகள் விளையாட்டு அணிகளுக்கு ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதற்கு விதிகள் எழுதும் வேலை. பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து கேட்டிருக்கின்றன. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் யார் பக்கமும் சாயமாட்டான் என்று நினைப்பு. ஒவ்வொரு விதிக்கும் எதிரே காரணம் எழுதுவது என் ஏற்பாடு.
1. பிளஸ் டூ தேர்வு முடியும்வரை ஆட்டக்காரர் வீட்டுக்குப் போகக் கூடாது. கா: படிக்க வேண்டும்.
2. ஷூ, சைக்கிள், எதுவும் தரக் கூடாது. கா: வாங்கியவரால் பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியாது.
3. இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. கா: வீட்டார் பயப்படுகிறார்கள்.
4. வெற்றிலைத் தட்டு கொடுத்து வாக்கு வாங்கக் கூடாது. கா:
எழுதவில்லை. தட்டோடு போகிற ஆள் என் மனைவி சரசுவின் தம்பி தங்கவேல். ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர்.

ஏப்ரல் 11, ஞாயிறு
தங்கவேல் வழக்கம்போல் சாப்பிட வந்தான். கோழிக் குழம்பு. ஜனவரியில் தாராபுரத்துக்குத் தட்டு கொண்டுபோய், கவிதா என்கிற வாலிபால் பெண்ணை (அடிப்பவர்களுக்குப் பந்து தூக்கிக் கொடுப்பவள்) தன் கல்லூரிக்கே அனுப்புவதாக அவள் அப்பாவிடம் வாக்கு வாங்கிவிட்டான். மெல்லக் கேட்டேன்.
"நாங்க போகலீன்னா வேற காலேஜ்காரன் வேன்ல ஏத்தீட்டுப் போயிருவானுங்க மாமா. தட்டு ஒரு மரியாதைங்க."
சரசு: "மரியாதைன்னா ரெண்டு ஆப்பிள் வாங்கீட்டுப் போ. பொண்ணு கேக்கறவனாட்ட எதுக்குடா வெத்தல?"
"நீ கொழம்ப ஊத்துக்கா."
அவன் சொல்வதிலும் நியாயம். விதி 4-ஐ அடித்தேன். இரக்கமா, கோழைத்தனமா, தெரியவில்லை.

ஏப்ரல் 13
கவிதாவும் அப்பாவும் வந்தார்கள். தங்கவேலிடம் நேரே கேட்கக் கூச்சம். அவனுடைய அக்கா வீடு என்று விசாரித்து, சிங்காநல்லூர் பஸ் நிலையத்திலிருந்து நடை. அவளுக்கு பிசிக்ஸ் படிக்க ஆசை. தங்கவேல் கல்லூரியில் பிசிக்ஸ் இல்லை. இன்னொரு கல்லூரி இடம் தரத் தயார்.
அப்பா: "தட்ட வாங்கிப்போட்டனுங்க. மாத்திப் பேச நாக்கு வரமாட்டீங்குதுங்க."
சரசு: "நீ அப்ப என்ன சொன்ன அம்மணி?"
"நான் ஊட்லயே இல்லீங்க. ஸ்கூல்ல டெஸ்ட்டுங்க."
அவர்கள் போனதும் விதி 4-ஐ மறுபடி எழுதினேன். கா: தட்டு வாங்கியபோது ஆட்டக்காரி அங்கே இல்லை.

ஏப்ரல் 16
கல்லூரிகளின் கூட்டம். ஒன்பது பேர். விதிகளை வாசித்தேன். நான்காவதில் ஒருவர் நிறுத்தினார்: "யாருங்க அப்படித் தட்டு தூக்கீட்டுப் போனது?"
தண்ணீர் குடித்தேன். எதிரே தங்கவேல்.
"நான்தானுங்க," என்றான். "நீங்க படிங்க மாமா."
எல்லா விதிகளும் ஏற்பு. ஆனால் அடுத்த ஆண்டு முதல்தான். கவிதாவுக்கு உதவாது.

ஏப்ரல் 18, ஞாயிறு
மதியம் தங்கவேல் வரவில்லை. சரசு பாத்திரங்களை ணங்கென்று வைத்தாள். கோபம் என் மேலா, அவன் மேலா?
சாயங்காலம் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கவிதாவின் பிசிக்ஸ் ஆசையைச் சரசு போனில் சொல்லியிருக்கிறாள். "நாளைக்குத் தாராபுரம் வாரீங்களா மாமா? தனியாப் போனா என்ன பேசறதுன்னு தெரியலீங்க."

ஏப்ரல் 19
6.15 பஸ். ஜன்னலோரம் எனக்கு விட்டான். கவிதா வீட்டில் நான் பேச வேண்டியே இருக்கவில்லை. தங்கவேலே ஆரம்பித்தான்.
"உங்க வாக்க நானே திருப்பிக் குடுத்துப்போட்டனுங்க. புள்ள பிசிக்ஸ் படிக்கட்டும்."
அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காப்பி, இரண்டு தரம்.
"அம்மணி, மேட்ச்சுல எங்களுக்கு எதிர்ல நின்னா உடமாட்டம், பாத்துக்க."
"நானும் உடமாட்டனுங்க சார்."
திரும்பும் பஸ்ஸில், பல்லடம் தாண்டியதும், வெளியே பார்த்தபடி, "அந்தப் புள்ளையாட்ட பந்து தூக்கிக் குடுக்க ஆளே இல்லீங்க மாமா," என்றான்.