தலைகீழ்க் கட்டில்

என் குருவிக்கு,

அம்மா எழுதுகிறேன். கழுத்து வலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தீபாவளி சீசன் வேலை தொடங்கிவிட்டது. இடது கை விரல் மரத்துப் போவதால், வெடிக்குத் திரி செருகுவதில் முன்போல வேகம் இல்லை. போர்மேன் என்னைச் சத்தம் போடுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நீ திருத்தங்கல் அச்சாபீஸ் சம்பளத்தில் வாங்கி வந்த தலைகீழ்க் கட்டில் நடுவீட்டில் நிற்கிறது. கணுக்காலை மாட்டிப் பின்னால் சாய்ந்தால் தலை கீழே போய்க் கால் மேலே வரும். வருசக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து நெருங்கிப்போன எலும்பு கொஞ்சம் விலகும் என்று டாக்டரிடம் கேட்டுத்தானே வாங்கினாய்?

முதல் நாள் ஏறுவதற்கு முன், கொண்டை ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலின் இரும்புக் காலை இரண்டு கையாலும் தொட்டேன். பட்டாசு ரூமுக்குள் போகையில், ஊசி கீசியைக் கழற்றிவிட்டு, உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்காக வாசல் தகட்டைத் தொடுகிற பழக்கம். "எம்மா, இது கட்டிலும்மா. வெடிக்காது, ஏறு" என்று சிரித்தாய்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு நான் அதில் ஏறவில்லை. போன மாதம் வலி தாங்க முடியாமல் டாக்டரிடம் போனேன். பிரஷர் ஏறிக் கிடக்கிறதாம். "இனிமே நீங்க தலைகீழாச் சாயவே கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். உன்னை நினைத்து நினைத்து ஏறிய பிரஷர், நீ கொடுத்ததையே எனக்கு இல்லாமல் ஆக்கிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

உன் அப்பா, "பக்கத்து வீட்டுக் காளியம்மாளுக்குக் கொடுத்திருவமா? அவளும் இடுப்பப் பிடிச்சிக்கிட்டுத்தான் பட்டாசு வேலைக்குப் போறா" என்றார். "எம் மக வாங்குனது. எவ வீட்டுக்கும் போகாது" என்று கத்திவிட்டேன். அந்த மனுசன் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காளியம்மாளே வந்தாள்.

"மதினி, டாக்டர்ட்டக் கேட்டுட்டேன். எனக்குப் பிரஷர் இல்லையாம், சாயலாமாம். கட்டில நீங்க தர வேண்டாம். இங்கனயே கொஞ்ச நேரம் சாஞ்சிட்டுப் போயிருதேன். பக்கத்துல நின்னாப் போதும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் கொண்டை ஊசியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, இரும்புக் காலை இரண்டு கையாலும் தொட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏளா, அது வெடிக்காதுளா."

"சிரிக்காதீக மதினி. என்னையத் தலகீழாப் போட்டுட்டுக் கடைக்குப் போயிறாதீக!"

காலை மாட்டிவிட்டு, கொஞ்சமாகத்தான் சாய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். மெல்ல மெல்ல அவள் நெற்றி இறுக்கம் விட்டது. கல்யாணம் முடிந்து இந்தத் தெருவுக்கு வந்த அன்றைக்கு இருந்த முகம். கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கட்டில் இங்கேதான் இருக்கும் குருவி. காளியம்மாள் வரும்போதெல்லாம் நான் பக்கத்தில் நிற்பேன். அவள் கூட்டிவருகிறவர்களுக்கும் நிற்பேன். கோபப்பட மாட்டேன். என் கழுத்துக்கு உன் அப்பா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். அது போதும்.

நானும் அப்படித்தானே கண்ணை மூடிக் கிடந்தேன்? பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாயே, அதில் உனக்கு என்னடி தெரிந்தது?

உன்னைப் பெற்றவள்