ஊசி போட்ட தேதி

மார்ச் 4

இன்று மாதக் கூட்டம். ஆறு நாட்டுக் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளும் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக. ஒரு நாட்டில் விடிகாலை, ஒரு நாட்டில் சாயங்காலம். வெள்ளைக் கோட்டில் கம்பீரமாகப் பேசிய டாக்டர் தண்ணீர் எடுக்க எழுந்தார்; கீழே பூப்போட்ட பைஜாமா. அப்புறம் யார் காதில் என்ன ஏறியது!

நர்ஸான என் வேலை சுலபம்தான். வலிப்போடு எந்தக் குழந்தை வந்தாலும் அதன் தாயிடம் ஆறு நாட்டிலும் கேட்கும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். முக்கியமானது, கடைசித் தடுப்பூசி போட்ட தேதி. எல்லா ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊசிக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியும். அதுவரை எந்தத் தாய்க்கும் நான் பதில் சொல்லக் கூடாது. தெரிந்தால்தானே சொல்ல!

மார்ச் 12

தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் மகள் குட்டியைத் தடுப்பூசிக்கு நான்தான் தூக்கிப் போனேன். ஊசி போட்டவரை விட்டுவிட்டு என் மூக்கில் ஓங்கி ஒரு அடி. இந்த வயதில் என்ன கோபம்! அப்படியே அவள் அம்மா.

மார்ச் 19

குட்டிக்கு வலிப்பு. எங்கள் வார்டிலேயே சேர்த்திருக்கிறோம்.

மார்ச் 20

என் வாயில் அது எப்படி வந்தது?

காலையில் வழக்கம்போல் ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுக்கொண்டே போனேன். குட்டியின் கட்டிலில் தங்கை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாக்கு தானாக ஓடிவிட்டது, அந்த வேலைக் குரலில்: "கடைசியா எப்பம்மா தடுப்பூசி போட்டீங்க?"

நிமிர்ந்து பார்த்தாள். "நீதானேக்கா தூக்கிட்டுப் போன?"

அதுவரை அவள் அந்த ஊசியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பாவி.

மார்ச் 21

சொந்தக்காரக் குழந்தையை நான் பதியக் கூடாது, அதுதான் விதி. கூட வேலை பார்க்கும் வாயாடிதான் போய்க் கேட்டாள். வார்டே அதிர அரட்டை அடிப்பவள், திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

மார்ச் 23

குட்டி போய்விட்டாள்.

ஏப்ரல் 9

எந்தச் சோதனையிலும் காரணம் தெரியவில்லை. தங்கை போனில் கத்தினாள். "உன் ஊசிதான். இல்லன்னு சொல்லு பார்ப்போம்!"

இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும்தான்.

எங்கள் வார்டு டாக்டரிடம் கேட்டேன். "எல்லா ஆஸ்பத்திரி கணக்கும் வரட்டும்மா" என்றார். எத்தனை தாய்மார்களிடம் நான் இதையே சொல்லியிருப்பேன்! அவர்கள் எப்படி என்னை அடிக்காமல் விட்டார்கள்?

ஜூன் 2

தங்கை என்னிடம் பேசுவதில்லை. அவள் கணவர்தான், "கொஞ்சம் விட்டுப் பிடிங்க அண்ணி" என்கிறார். எவ்வளவு நாள் விடுவது? குட்டி எனக்கும் பிள்ளைதானே — இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 15

வேலையை விடவில்லை. இப்போதெல்லாம் முதலில் கட்டிலருகே உட்கார்ந்துகொள்கிறேன். குழந்தையின் பெயரைக் கேட்கிறேன். தேதி அப்புறம்.

நவம்பர் 18

இன்றைய மாதக் கூட்டத்தில் முடிவு வந்துவிட்டது. ஊசிக்குப் பிறகு வந்த வாரங்களிலும் மற்ற வாரங்களிலும் வலிப்பு ஒரே அளவுதான். ஆறு நாட்டிலும் அப்படியே. ஊசி காரணமில்லை. யாரோ கை தட்டினார்கள். நான் கேமராவை அணைத்தேன்.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன்: எங்கள் குட்டிக்கு?

"அவ ஒருத்திக்கு மட்டும்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஊசி போடலைன்னாலும் வந்திருக்கும்னுதான் தோணுது."

நவம்பர் 20

தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஆறுதல் சொல்லவா, நான் குற்றவாளி இல்லை என்று சொல்லிக்கொள்ளவா? இரண்டும்தான்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப எதனாலக்கா போனா?"

"தெரியலடி."

"ஊசின்னு நெனச்சப்போ உன்னத் திட்டவாவது முடிஞ்சுது. இப்ப யாரத் திட்டுறது?"

"என்னையே திட்டுடி."

"நீ..." என்று ஆரம்பித்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

குட்டி போனதற்கு நாங்கள் சேர்ந்து அழுதது இன்றுதான்.